‘பரவாயில்லை’ என்னும் விடை

இருதய நோயாளருக்கான கிளினிக் நடைபெறும் நாளொன்றில், நமது வடபகுதி வைத்தியசாலைகளுள் ஏதேனும் ஒன்றின் வாங்கிலே ஒரு மணிநேரம் அமர்ந்திருந்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். விடியுமுன் முதல் பஸ்ஸில் ஏறி வந்தவர்கள், கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு தமது இலக்கம் அழைக்கப்படும்வரை காத்திருக்கிறார்கள். வைத்தியர் முன் அமரக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. “எப்படியிருக்கிறது?” என்று அவர் கேட்கிறார். “பரவாயில்லை” என்று விடை வருகிறது. கொப்பியிலே ஒரு வரி எழுதப்படுகிறது. அடுத்தவர் எழுந்து வருகிறார்.

வைத்தியர்மீது குறைகாண்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர் முன்னே நிற்கும் வரிசையின் நீளத்தை நாம் அறிவோம். நமது சிந்தனைக்குரியது அந்த ஒற்றைச் சொல் விடையே. ‘பரவாயில்லை’ என்பது ஓர் அளவா? அளவாயின் எதனுடைய அளவு? நோயின் அளவா, நோயாளி தமது வாழ்விலிருந்து எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டதன் அளவா? கடும் இருதய நோயுற்றோரின் வாழ்க்கைத் தரத்தை அளத்தல் என்னும் முயற்சி உலக மருத்துவத்தில் பெரும் துறையாக வளர்ந்துள்ளது. அதன் உள்ளே புகுந்து பார்த்தால், முதலில் நூல் பிடித்தாற்போல் நேராகத் தோன்றிய வினா, அறவியலின் மிகப் பழைய முடிச்சுகளுள் ஒன்றாக மாறிவிடுவதைக் காண்கிறோம்.

இதயத்தை அளப்பதில் மருத்துவ விஞ்ஞானத்துக்குச் சங்கடமில்லை. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த குருதியிற் பாதிக்கு மேற்பட்ட பங்கை வெளியே தள்ளுவது இயல்பு. நலிந்த இதயத்தில் அப்பங்கு மூன்றிலொன்றாகவோ நான்கிலொன்றாகவோ குறைந்துவிடுகிறது. ஒலியலைக் கருவி அதனை வீதக்கணக்கிற் காட்டிவிடும். ஆனால் அந்த வீதம் ஒரே அளவாயுள்ள இருவரில் ஒருவர் சைக்கிள் மிதித்துச் சந்தைக்குப் போய் வருகிறார். மற்றவர் சேட்டு மாற்றுவதற்குள் மூச்சு வாங்கிக் கட்டிலில் அமர்ந்துவிடுகிறார். இதயத்தின் கணக்கும் வாழ்வின் கணக்கும் ஒன்றல்ல என்பது வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகவே தெரிந்திருந்தது.

ஆகவே 1928ஆம் ஆண்டில் நியூயோர்க் இருதயச் சங்கத்தார் நோயாளரை நான்கு வகுப்புகளாகப் பிரித்தனர். ‘வழமையான வேலை’யைச் செய்யும்போது தொல்லை ஏதும் இல்லாதவர் முதலாம் வகுப்பினர். அவ்வேலையினால் களைப்போ மூச்சுத்திணறலோ படபடப்போ அடைபவர் இரண்டாம் வகுப்பினர். அதிலும் குறைந்த வேலைக்கே அந்நிலை அடைபவர் மூன்றாமவர். ஓய்வாக இருக்கும்போதே அவதிப்படுபவர் நான்காமவர். இப்பாகுபாடு இன்றும் உலகெங்கும், நமது கிளினிக் கொப்பிகளிலும், வழக்கில் உள்ளது. எளிமையானது, பயனுள்ளதும்கூட. ஆயினும் அதிலுள்ள ஒரு சொல்லை நாம் கடந்து செல்ல முடியவில்லை. வழமையான வேலை! யாருடைய வழமை? கந்தோரில் இருந்து கோவை பார்ப்பவரின் வழமையா? செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கு மண்வெட்டியால் வாய்க்கால் கட்டி நீர் மாறுபவரின் வழமையா? கிணற்றில் அள்ளி, விறகடுப்பை ஊதி, வீட்டையும் வளவையும் கூட்டி, அதன் பின்னும் “நான் வேலை ஒன்றும் செய்வதில்லை, வீட்டிலேதான்” என்று வைத்தியரிடம் சொல்லும் பெண்ணின் வழமையா? வகுப்பு என்ற சொல் மருத்துவத்தில் ஒரு பொருளிலும் சமுதாய விஞ்ஞானத்தில் வேறொரு பொருளிலும் வழங்குவது தற்செயல்தான். எனினும் இவ்விடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

1940களின் இறுதியில் கார்னொவ்ஸ்கி என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாவும் புற்றுநோயாளருக்கென வகுத்த அளவுகோல் இன்னொரு படி. இறப்புக்குச் சுழியம், முழு நலத்துக்கு நூறு. அதையும் இட்டவர் வைத்தியரே. நோயாளி தமது வாழ்வுக்கு வந்த புள்ளியைத் தாம் இடவில்லை; பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலப் பெற்றுக்கொண்டார். 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடல், உள, சமூக நிலைகளில் முழுமையான நன்னிலை என்று பிரகடனம் செய்தது. அப்பிரகடனத்தை நடைமுறையில் எவ்வாறு அளப்பது என்பதற்கு விடை காண மருத்துவத்துக்கு மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

1984இல் மினசோட்டாவில் உருவான வினாக்கொத்து அந்த வரலாற்றில் ஒரு திருப்பம். இதயம் நலிந்தவரை நோக்கி 21 வினாக்கள். கடந்த நான்கு வாரங்களில் நீர் விரும்பியவாறு வாழ்வதை உமது இருதய நோய் தடுத்ததா என்பதே அவற்றின் அடிநாதம். கால் வீங்கியதாலா? பகலிற் படுக்க நேர்ந்ததாலா? இரவில் உறக்கம் கெட்டதாலா? விரும்பிய உணவைக் குறைக்க வேண்டியிருந்ததாலா? குடும்பத்தாருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணத்தாலா? ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் ஐந்து வரை நோயாளியே புள்ளி இடுகிறார். மொத்தம் 105, கூடக்கூட வாழ்வு குறைகிறது. 2000ஆம் ஆண்டில் கன்சாஸ் நகரத்தில் இதுபோன்ற 23 வினாக்கள் கொண்ட இன்னொன்று வெளியாயிற்று. அதிலே கணக்கு மறுதலை, நூறே நன்னிலை.

இம்மாற்றத்தின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நோயாளியின் உடல் பேசியது போதாது, நோயாளியே பேசவேண்டும் என்பது ஒரு சனநாயகக் கோரிக்கை. வாழ்வை எண்ணால் அளப்பதே முதலாளித்துவ மூளையின் விபரீதம் என்று நமது நண்பர்கள் சிலர் வாதிப்பதைக் கேட்டிருக்கிறோம். அவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. அளக்கப்படாத துன்பம் எவருக்கு வசதியானது? பணப்பெட்டியின் திறப்பை வைத்திருப்பவருக்கே அது வசதி. எத்தனை பேர் இரவில் மல்லாந்து படுக்க இயலாமற் சாய்மனைக் கதிரையில் விடியலைக் காண்கிறார்கள் என்பது ஒரு கொப்பியிலும் எழுதப்படாவிட்டால், அந்தத் துன்பம் அரசாங்கத்தின் கணக்கில் இல்லவே இல்லை.

ஆனால் வினாவும் ஓர் ஊரிலே பிறக்கிறது. பிறந்த ஊரின் மண்ணைக் காலில் ஒட்டிக்கொண்டே வருகிறது. 1992இல் அமெரிக்காவில் வெளியான, உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பொது வினாக்கொத்து ஒன்று, ‘மிதமான செயல்கள்’ என்பதற்கு எடுத்துக்காட்டாக மேசையை நகர்த்துதல், தூசுறிஞ்சும் பொறியைத் தள்ளுதல், பந்துருட்டி விளையாடல், கொல்ஃப் ஆடல் ஆகியவற்றைக் கூறுகிறது. கொடிகாமத்தில் இருந்து வந்த மூதாட்டியிடம் இதை மொழிபெயர்த்து வாசிப்பவரின் முகத்தை நாம் கற்பனை செய்து கொள்ளலாம். ‘எடுத்துக்காட்டை மாற்றிவிட்டாற் போயிற்று’ என்பர். சிலவற்றை மாற்றலாம். கொல்ஃபுக்குப் பதிலாகக் கிணற்றில் இரண்டு வாளி அள்ளுதல் என்று வைக்கலாம். சங்கடம் அதற்கும் ஆழத்தில் உள்ளது.

முதலாவதாக அத்துறையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘வாழ்க்கைத் தரம்’ என்று நமது பொருளியற் பாடநூல்கள் எழுதுவது வருமானம், வீடு, உணவு ஆகியவற்றின் மட்டத்தை. அதே சொற்றொடரையே மருத்துவரும் நோயுற்றவரின் வாழ்வனுபவத்துக்கு வைத்திருக்கிறார்கள். “உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?” என்று கேட்டால், “கல்வீடு கட்டியாச்சு, மகன் கனடாவிலை” என்று விடை வருவது இயல்பே. அடுத்து, மினசோட்டா வினாக்கொத்து மூச்சுத்திணறலுக்கு ஒரு வினாவும் உடற்சோர்வுக்கு வேறொரு வினாவும் வைத்துள்ளது. நமது பேச்சிலோ “களைக்குது” என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்கிறது. முற்றம் கூட்டும்போது களைக்குது என்பவர் மூச்சைச் சொல்கிறாரா, உடம்பைச் சொல்கிறாரா? நெஞ்சு என்ற சொல்லோ மார்பும் மனமும் ஆகிய இரண்டுக்கும் உரியது. “நெஞ்சு பாரமாக் கிடக்கு” என்ற கூற்று எந்த வினாவுக்கு விடை? பதகளிப்புக்கா, மார்பின் அடைப்புக்கா? இரண்டுக்குந்தான் என்று தமிழ் அறிந்தவர் சொல்வர். தாளிலே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன.

இச்சங்கடம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பித்து, 1873இல் திரும்பும்வரை அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளின் நூல்களைத் தமது மாணாக்கருடன் சேர்ந்து தமிழாக்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடிப் பட்டினம் போய்விடுவர், தமிழிற் கற்றவர் கிராமத்தில் நிற்பர் என்பது அவர் கண்ட நடைமுறை நியாயங்களுள் ஒன்று. அவருடைய சமய நோக்கம் நமக்கு உவப்பாயிருக்க வேண்டியதில்லை. எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் தேடிய அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் அவர் மொழிபெயர்த்தது உடலை. உடல் மானிப்பாயிலும் மசசூசெட்சிலும் ஒன்றே. வாழ்வு அப்படியன்று.

இனி நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்லவேண்டும். மருத்துவம் பயிலும் மாணவி ஒருத்தி, ஆய்வுக்காக இத்தகைய வினாத்தாள் ஒன்றைத் தமிழிலே வாசித்து நோயாளரின் விடைகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். மரநிழலில் அவளெதிரே அமர்ந்திருந்தவர் எழுபது வயதைக் கடந்தவர். இளமை முதற் சீவல் தொழில் செய்தவர். காலையும் மாலையும் பனை ஏறி இறங்கிய கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தன. அவள் கேட்டாள்: “ஐயா, படிகளில் ஏறுவது கஷ்டமாக இருந்ததா?”

அவர் சிரித்தார். “எங்கட வீட்டிலை படி எங்க பிள்ளை? ஒரு திண்ணைதான்.”

பொருந்தாத வினாவுக்குச் சுழியம் இடுக என்பது அத்தாளின் விதி. அவள் சுழியம் இட்டாள்.

“உழைப்புக்குப் போவது கஷ்டமாக இருந்ததா?”

“தொழிலை விட்டுக் கன வருசமாச்சு.”

அதுவும் சுழியம். பொழுதுபோக்கு, விளையாட்டு? சுழியம். விரும்பிய இடங்களுக்குப் போய்வருவது? “எங்க போறது, பிள்ளை?” சுழியம். மனம் சோர்ந்து இருந்ததா? “பரவாயில்லை.” அவள் சற்றுத் தயங்கி ஒன்று என்று இட்டாள்.

கூட்டிப் பார்த்தபோது கிடைத்த எண் மிக நன்றாக இருந்தது. அன்று அவளிடம் பேசிய ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் பெற்ற எண்ணோ மிக மோசம். அவர் மாடிவீட்டுக்காரர், படியேற முடியவில்லை. நூல்நிலையத்துக்குப் போக முடியவில்லை, நண்பருடன் சீட்டாட முடியவில்லை, பேரனைக் காணக் கொழும்புக்குப் போக முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கோ ஐந்தோ இட்டார். அவருடைய துன்பம் மெய்யானது. அதனை எள்ளும் நோக்கம் நமக்கில்லை. ஆனால் அத்தாளின்படி, வாழ்விலிருந்து ஏராளம் பெற்றவர் ஏராளம் இழந்தவராகவும், ஒன்றும் தரப்படாதவர் ஒன்றும் இழக்காதவராகவும் கணிக்கப்பட்டனர். வறுமை நோயை மறைத்துவிட்டது. உண்மையில் அந்த மூதாளரின் நோய் பறித்தது ஒரு மாடிப்படியை அன்று, நூற்றுக்கணக்கான பனைகளை. அவற்றை ஏறுவதை ஒரு வினாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ‘கடந்த நான்கு வாரங்களில்’ என்ற வரம்பு அதை வெளியே தள்ளியிருக்கும்.

இது தனியொரு தாளின் குறை என்று எண்ணிவிடவேண்டாம். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிலையத்தார் ஓர் ஆய்வு நடத்தினர். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 வீதத்தினர் தாம் நோயுற்றோ நலங்குன்றியோ இருப்பதாகக் கூறினர். கணவனை இழந்த பெண்களில் அவ்வாறு கூறியோர் 2.5 வீதம் மட்டுமே. பஞ்சத்தின் மறுவருடத்து வங்கத்திலே, சமுதாயத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்ட கைம்பெண்கள் ஆண்களைவிட நலமாக இருந்தனர் என்று எவரேனும் நம்புவாரா? இந்த விவரத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் பொருளியலறிஞர் அமர்த்தியா சென். கேரளத்தையும் பீகாரையும் அவர் ஒப்பிட்டதும் இதே நோக்கில்தான். நெடிய ஆயுள் கொண்ட கேரள மக்கள் தமக்கு நோய் அதிகம் என்கின்றனர். குறுகிய ஆயுளுடைய பீகார் மக்கள் நோய் குறைவு என்கின்றனர். கல்வியும் வைத்தியமும் கிடைத்தவனுக்குத் தன் நோய் நோயாகத் தெரிகிறது. கிடைக்காதவனுக்கு அது விதியாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்திலே இதற்கு மேலும் இரண்டு மடிப்புகள் உண்டு. ஒன்று சாதி. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்த மண் இது. தேநீர்க் கடையிற் சமமான குவளை கேட்பதே கலகம் எனக் கருதப்பட்ட காலத்தில் வளர்ந்த ஒருவர், வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் முன்னே தமது தேவையை எடுத்துரைக்கப் பழகியிருப்பாரா? அவருடைய ‘பரவாயில்லை’யில் உடலின் நிலை கொஞ்சம்; மேலோர் முன் முறையிடாதே என்ற பழைய பாடம் அதிகம்.

மற்றையது யுத்தம். 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமத்து மக்கள் திரளாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தார்கள். மருந்துக்கும் தடை இருந்த ஆண்டுகள் அவை. பின்னர் 2006 ஓகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்ட பிறகு, இருதய சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போகவேண்டியவர் அனுமதிச் சீட்டுக்கும் கப்பலுக்கும் காத்திருந்தார். அந்நாட்களைக் கடந்தவரிடம் இன்று “எப்படியிருக்கிறது?” என்றால், அவர் எதனோடு ஒப்பிட்டு விடை சொல்வார்? “அந்த நாளையிலும் பாக்க இது பரவாயில்லை” என்பது பொய்யன்று. மனிதன் தன் அளவுகோலையே வளைத்துக்கொண்டு வாழ வல்லவன்; அவ்வல்லமையின்றி நம்மவர் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். ஆய்வாளர் இதனை விடைப்பெயர்ச்சி என்ற கருத்தில் ஆராய்கின்றனர். கடும் நோயாளர், காலப்போக்கில், அருகிருந்து பார்ப்பவர் எண்ணுவதைவிடத் தம் வாழ்வை உயர்வாக மதிப்பதும் இதனாலேயே. அந்த மதிப்பை நாம் ஏளனம் செய்யக்கூடாது. ‘நீ ஏமாந்திருக்கிறாய், உன் வாழ்வு நீ நினைப்பதிலும் கீழானது’ என்று நோயாளியிடம் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் அவருடைய பொறுமையை வைத்தியசாலையின் சாதனையாக எழுதிக்கொள்ளும் உரிமையும் எவருக்கும் இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது.

நோயாளியின் விருப்பமே முடிவானது என்று வைத்துக்கொண்டாலும் வினா தீர்ந்துவிடவில்லை. வெஸ்னரினோன் என்றொரு மருந்து இருந்தது. மூன்றாம், நான்காம் வகுப்பு நோயாளர் 3,833 பேரில் அது சோதிக்கப்பட்டு, 1998இல் முடிவுகள் வெளியாயின. கூடிய அளவில் அதை உண்டோர், தொடக்க மாதங்களில், வெறுமருந்து உண்டோரைவிட வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகக் கூறினர். மினசோட்டா வினாக்கொத்து அதற்குச் சாட்சி. ஆனால் அவர்களிலே இறந்தோர் 22.9 வீதம், வெறுமருந்தினரில் 18.9 வீதம். நன்றாக உணர்ந்தார்கள், முன்னதாக இறந்தார்கள். மருந்து கைவிடப்பட்டது. அது சரியான முடிவென்றே நாமும் எண்ணுகிறோம். எனினும், ஓய்விலும் மூச்சுத் திணறி, கதிரையில் உறங்கும் ஒருவர், “ஆறு மாதம் குறைந்தாலும் போகட்டும், இரவில் மல்லாந்து படுத்து உறங்கவேண்டும்” என்று கேட்டால் அவருக்கு என்ன சொல்வது? சுகமாக இருப்பதற்காக ஆயுளில் எவ்வளவை விட்டுக்கொடுப்பீர் என்று இருதய நோயாளரிடம் கேட்ட ஆய்வுகளில், பலர் ஒரு நாளையும் விடமாட்டோம் என்றனர். வேறு சிலர் எஞ்சிய காலத்திற் பெரும்பகுதியையும் தரத் துணிந்தனர். நோயின் கடுமையை மட்டும் வைத்து யார் எப்பக்கம் நிற்பார் என்று வைத்தியரால் ஊகிக்க இயலவில்லை. கேட்டால்தான் தெரியும். நமது வீடுகளிலோ, நோயின் கடுமையை நோயாளிக்குச் சொல்லவேண்டாம் என்று பிள்ளைகள் வைத்தியரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். அன்பினாலேயே செய்கிறார்கள். சொல்லப்படாதவர் எதைத் தெரிவுசெய்வார்?

இதுவரை கூறியது ஒரு நோயாளியும் அவருடைய வைத்தியரும் பற்றியது. அளவை எண் அங்கிருந்து வெளியேறி, நிதி வகுப்போரின் மேசைக்குப் போகும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. 1985இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்துப் பொருளியலறிஞர் அலன் வில்லியம்ஸ், இருதய நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையை எடுத்துக்கொண்டு, செலவிடும் ஒவ்வொரு பவுணுக்கும் எத்தனை தரமான வாழ்வாண்டு கிடைக்கிறது என்று கணக்கிட்டார். முழுநலத்தில் ஓராண்டு என்றால் ஒன்று, அரைநலத்தில் ஈராண்டு என்றாலும் ஒன்று, மரணம் சுழியம். கடும் நெஞ்சுவலி உடையோருக்குச் சத்திரசிகிச்சை ஊதியமானது, இலேசான வலியுடையோருக்கு அவ்வாறன்று என்பது அவருடைய முடிவு. முடிவில் நியாயம் உண்டு. பணத்தை விரயம் செய்வதும் எவரோ ஒருவரின் உயிரை விரயம் செய்வதே என்ற அவருடைய வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆனால் எந்த நிலைக்கு எத்தனை புள்ளி என்பதை அவர் எடுத்துக்கொண்ட அட்டவணை, வைத்தியர், தாதியர், நோயாளர், நலமுள்ளோர் என எழுபது பேரை வினவிப் பெறப்பட்டது. எழுபது பேர்! ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அதைவிட அதிகம் பேர் வருவர்.

மெய்யியலாளர் ஜோன் ஹரிஸ் 1987இல் இதற்கு எதிராக எழுப்பிய தடை இன்றும் வலுவுள்ளது. ஏற்கெனவே ஊனத்தாலோ நோயாலோ குறைந்த புள்ளி பெற்றவரின் உயிரைக் காப்பதால் ‘கிடைக்கும்’ தரமான ஆண்டுகள் குறைவு. ஆகவே வரிசையில் அவர் பின்தள்ளப்படுகிறார். துரதிர்ஷ்டம் ஒருமுறை அடித்தவரை, கணக்கு மறுமுறையும் அடிக்கிறது. இதை இங்கே சற்று வேறுவிதமாகச் சொல்லலாம். பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்த நமது மாணவ நண்பர்களுக்கு இது புரியும். நோயாளி தம் வாழ்வுக்கு இட்ட எண் அவருக்கு ஒரு பயனைக் குறித்தது. அதே எண் மற்றவர் எண்ணோடு ஒரே தராசில் ஏறும்போது விலையாகிவிடுகிறது.

இலங்கையில் இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. நடமாட்டம், தன்பராமரிப்பு, வழமையான செயல்கள், வலி, பதகளிப்பு என்னும் ஐந்து தலைப்புகளின் கீழ் நோய்நிலையை 243 விதமாகப் பிரித்துப் புள்ளியிடும் ஐரோப்பிய முறைக்கு, இலங்கையரிடமே கேட்டுத் தயாரித்த மதிப்பு அட்டவணை 2015இல் வெளியாயிற்று. பிறநாட்டு அட்டவணையை இரவல் வாங்குவதிலும் இது மேலானது. சில நிலைகள் அம்முறையிலே சுழியத்துக்கும் கீழே, அதாவது மரணத்திலும் தாழ்ந்தனவாக மதிப்பிடப்படுகின்றன. அவ்வாறு மதிப்பிடுபவர் பொதுமக்கள். பெரும்பாலும் அந்நிலையை அனுபவியாதவர்கள். படுக்கையில் கிடக்கும் ஒருவரின் வாழ்வு சாவிலும் கீழானது என்று சுகதேகியான அயலவர் தீர்ப்புச் சொல்வதை வேறெந்த மன்றில் நாம் ஏற்போம்? 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. பலர் வெளியில் வாங்கும்படி சீட்டோடு அனுப்பப்பட்டனர். அப்படியான நாளில் எது யாருக்கு என்ற தெரிவு அளவுகோல் இன்றியும் நடக்கிறது. காசுள்ளவருக்கு என்ற மிகப் பழைய அளவுகோலால் நடக்கிறது. அதைவிட எண்ணிக்கை மேல் என்று ஒருவர் வாதிட்டால் நாம் மௌனமாகவே இருக்க நேரும்.

ஆகவே அளவுகோலை முறித்தெறியச் சொல்லவில்லை. அது யார் கையில், எதற்காக இருக்கிறது என்பதே கேள்வி. நோயாளி இட்ட எண் அவர் வைத்தியரிடம் வைக்கும் கோரிக்கையாக இருக்கட்டும்; கடந்த முறை நாற்பது, இம்முறை அறுபது, ஏன் என்று கேட்க வைத்தியரை நிறுத்தும் எண்ணாக இருக்கட்டும். ஒருவரை இன்னொருவரோடு தராசில் நிறுத்தும் எண்ணாக அது மாறும்போது, சுழியம் இட்டவர்களைப் பற்றிச் சந்தேகம் கொள்ளவேண்டும். அந்தச் சுழியம் நலத்தால் வந்ததா, இல்லாமையால் வந்ததா என்று பிரித்தறியாத தாள் நமக்கு வேண்டாம். வினாக்களை இங்கேயே ஆக்கவேண்டும். இலவச வைத்தியம் உள்ள நாட்டிலே ‘மருத்துவத்துக்குப் பணம் செலவாயிற்றா’ என்பதற்கு இல்லை என்றே விடை வரும். பஸ் செலவு, போன நாட்கூலி, நள்ளிரவில் அழைத்த முச்சக்கர வண்டி ஆகியவற்றை வேறாகக் கேட்டால்தான் தெரியும். வைகாசி வெயிலில் ஒன்றரை லீற்றருக்கு மேல் நீர் அருந்தாதே என்ற கட்டளையைத் தாங்குவது எப்படி என்றும், கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இல்லாத சோறு இறங்குகிறதா என்றும், அயலில் செத்தவீடு என்றால் போய் இருந்துவர முடிகிறதா என்றும் கேட்கலாம். நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்போடு நல்லூர் வாசலில் சேட்டைக் கழற்றத் தயங்கி, 25 நாள் திருவிழாவிலும் வெளிவீதியோடு நின்றுவிட்டவர் இருக்கிறார். அதை எந்த ஊரின் வினாக்கொத்தும் கேட்கவில்லை. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர் என்று இதயநோயின் கடுமையை அறிய வைத்தியர்கள் கேட்பதுண்டு. வீட்டில் ஒரே தலையணை உள்ளவர் ஒன்று என்றே சொல்வார்!

அந்த மாணவியிடம் மீண்டும் வருவோம். கூட்டுத்தொகையைப் பார்த்த பின்பும் அவள் எழுந்து போகவில்லை. தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஐயா, இந்த வருத்தம் வராமல் இருந்திருந்தால் இந்த நேரம் என்ன செய்து கொண்டிருப்பியள்?” என்று கேட்டாள். அவர் உடனே விடை சொல்லவில்லை. தொழில் நின்றபின்பும், மூச்சு இடங்கொடுத்த வரையில், தம் வளவுப் பனை ஒன்றில் மட்டும் ஏறி வந்ததாகப் பிறகு சொன்னார். கள்ளுக்காக அன்று; முட்டியும் பாளைக்கத்தியும் கொண்டுபோவதில்லை. தளைநார் மட்டும். மகன் ஏசுவான் என்று மாலையில், அவன் வர முன்னம்.

“உச்சியிலை நிண்டா வடக்காலை கடல் ஒரு கோடு மாதிரித் தெரியும், பிள்ளை. நிலத்திலை நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது. ரெண்டு வருசமாப் பாக்கேல்லை.”

தாளில் அதற்கு இடமில்லை. அவள் அதைத் திருப்பி, பின்புறத்திலே எழுதிக்கொண்டாள்.